உள்ளங்கை மேலே திரும்ப மறுப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58. குளியலறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. 6 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். பிரித்து ஒரு மாதமாகிறது. எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். முழங்கையை மடக்கி நீட்ட முடிகிறது. ஆனால் உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்கக்கூட இடது கையை நீட்ட வேண்டியிருக்கிறது. திருப்பப் பார்த்தால் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது, முழங்கையும் பிடித்துக்கொள்கிறது. முழங்கை பிசகியிருக்கும், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும் என்கிறார் மைத்துனர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முழங்கையைச் சுற்றி அழுத்தி உருவுவதாலும் வலுக்கட்டாயமாகத் திருகுவதாலும் சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும். அப்புறம் இப்போது இருக்கிற அசைவும் போய்விடும். முழங்கையை நன்றாக மடக்கி நீட்ட முடிகிறது என்கிறீர்கள். அது பிசகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

உள்ளங்கையைத் திருப்புவது மணிக்கட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மணிக்கட்டு மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். திரும்புவது முன்கை. அதில் இரண்டு எலும்புகள்: சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். அல்னா முழங்கையில் பருத்து, மேற்கை எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது. மேசையில் ஊன்றுகிறோமே, அந்த முழங்கை முனை அல்னாவுடையது. ரேடியஸ் இதற்கு நேர்மாறு. முழங்கையில் அதற்குச் சின்ன வட்டத் தலை, மணிக்கட்டில் அகன்ற அடி. கை அந்த அடியில்தான் பொருந்தியிருக்கிறது. அதனால் ரேடியஸ் போகிற பக்கம் கையும் போகும்.

அல்னாவைக் கதவு நிலை என்றும் ரேடியஸைக் கதவு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையில் ஒரு கீல், மணிக்கட்டை ஒட்டி இன்னொரு கீல். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால்தான் கதவு சுழலும். கீழ்க்கீல் கோணிவிட்டால், மேல்கீல் பழுதில்லாமல் இருந்தும் கதவு சிக்கும். உங்கள் முழங்கை பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். முறிந்தது ரேடியஸின் அடி. கீழ்மூட்டு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நல்ல கையில் தொட்டுப் பாருங்கள். இடது முழங்கையை மடக்கி, அதன் வெளிப்புற எலும்பு மேட்டுக்கு ஓர் அங்குலம் கீழே வலது கை விரலை வைத்து, இடது உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புங்கள். விரலுக்கடியில் ஏதோ உருளும். அதுதான் ரேடியஸின் தலை. உள்ளங்கை கீழே பார்க்கும்போது, சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டின் பின்புறத்தில் ஒரு குமிழ் புடைத்துத் தெரியும். அது அல்னாவின் நுனி. உள்ளங்கையை மேலே திருப்பினால் அது அமுங்கிவிடும்.

சரி, உங்கள் கையில் என்ன நடந்திருக்கும்? முதல் சாத்தியம், வெறும் இறுக்கம். வாரக்கணக்கில் அசையாமல் இருந்ததில் கீழ்மூட்டைச் சுற்றியுள்ள உறையின் முன்பக்கம் சுருங்கியிருக்கும். அது சுருங்கினால் உள்ளங்கை மேலே வராது. பயிற்சியில் இது இளகும். இரண்டாவது, எலும்பு கூடியிருந்தாலும் ரேடியஸ் குட்டையாகவோ சாய்ந்தோ கூடியிருப்பது. சாதாரணமாகக் கையிலிருந்து வரும் சுமையில் சுமார் 80 சதவீதத்தை ரேடியஸ்தான் தாங்குகிறது. அது வெறும் 2.5 மில்லிமீட்டர் குட்டையானாலே அல்னா பக்கத்துச் சுமை 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். சுண்டுவிரல் பக்கத்து வலி எனக்கு இந்தச் சந்தேகத்தைத் தருகிறது. ஆகவே எலும்பு மருத்துவரிடம், "கூடிவிட்டதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "நீளமும் சாய்வும் சரியாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். இரண்டு மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சந்தேகமிருந்தால் சி.டி. ஸ்கேன். கோணல் அதிகமாக இருந்து தொந்தரவும் நீடித்தால் அறுவை சிகிச்சையில் திருத்த முடியும்.

இந்த வகை முறிவை டப்ளின் மருத்துவர் ஏப்ரஹாம் காலிஸ் 1814இல் விவரித்தார். எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகள் முன்பு, கையால் தடவிப் பார்த்தே. கோணலாகக் கூடினாலும் என்றாவது ஒருநாள் கை முழுமையாக அசையும், வலியும் போய்விடும் என்று எழுதினார். பலருக்கு அது பலித்தது, எல்லாருக்கும் அல்ல.

பயிற்சிக்கு வருவோம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. கையை 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். பிறகு முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இது முக்கியம், ஒட்டாவிட்டால் உடம்பைச் சாய்த்து, தோளைத் திருப்பி உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள். கண்ணாடி முன் நின்றால் திருட்டு தெரிந்துவிடும். இடது கையால் வலது முன்கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே பிடித்து (உள்ளங்கையைப் பிடித்துத் திருகக் கூடாது) மெதுவாக மேலே திருப்பி, லேசாக இழுபடும் இடத்தில் அரை நிமிடம் நிறுத்துங்கள். ஐந்தாறு தடவை செய்தால் போதும், ஆனால் தினமும் ஐந்தாறு வேளை. பயிற்சிக்குப் பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். உள்ளங்கையை மேலே திருப்பும் முக்கியத் தசைகளில் ஒன்று மேற்கையின் முன்பக்கத்துப் பைசெப்ஸ். அதுவும் இளைத்திருக்கும், அங்கே அசதி வந்தால் பயப்படாதீர்கள்.

நல்ல கை இப்படி 80, 85 டிகிரி திரும்பும். அன்றாட வேலைகளுக்கு 50 டிகிரி வந்தாலே பெரும்பாலும் போதும். தீர்த்தத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்! ஒரு மாதத்தில் முடிகிற கதை இல்லை இது. பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்வரைகூட முன்னேற்றம் தொடரும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, கை வீங்கிப் பளபளத்து எரிந்தாலோ, கட்டைவிரல் நுனியைத் திடீரென்று தூக்க முடியாமல் போனாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது தசைநார் அறுந்ததன் அடையாளம். கட்டுப் பிரித்த பிறகும் வரலாம்.

நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்திருக்கிறது, வயதும் 58. எனவே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனையும் வைட்டமின் டி பரிசோதனையையும் பற்றி அதே மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த தடவை முறிவது இடுப்பாக இருந்தால் படுக்கையில் விழ வேண்டிவரும்.