பன்னீர் திராட்சையில் சிவப்பு ஒயின் வருமா?

கேள்வி: சுருளிப்பட்டியில் 2 ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். நாசிக் சென்று வந்த உறவினர் ஒருவர், அங்கே சிவப்பு ஒயினுக்கென்றே ஷிராஸ் ரகக் கொடி நட்டிருப்பதாகச் சொன்னார். எங்கள் பழம் ஒயினுக்கு ஆகுமா, இல்லையென்றால் கொடியை அழித்துவிட்டு அந்த ரகத்தை நடலாமா?

பதில்: கொடியை அழிக்க வேண்டாம். உங்கள் பழம் ஒயினுக்கு ஆகும். ஆனால் உறவினர் நாசிக்கில் பார்த்த ஒயினாக அது வராது.

நன்கு பழுத்த ஒரு பழத்தை விரலால் பிதுக்கிப் பாருங்கள். தோல் கையில் நின்றுவிடும், சதை வழுக்கி வெளியே விழும், சாற்றில் நிறமே அநேகமாக இராது. சிவப்பு முழுவதும் தோலில் இருப்பதால்தான், சிவப்பு ஒயின் செய்பவர்கள் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் பல நாள் நொதிக்க விடுகிறார்கள். ஷிராஸ் பழம் சிறியது. சாற்றின் அளவோடு ஒப்பிட்டால் தோல் அதிகம் என்பதால், நிறமும் துவர்ப்பும் அடர்த்தியாக இறங்குகின்றன. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் உங்கள் பன்னீரில் பழம் பெரிது, சாறு மிகுதி, துவர்ப்பு குறைவு. அதன் செல்வம் மணம்தான். பெற்றோரில் ஒன்றான அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டிடமிருந்து வந்த சொத்து அது. ஆகவே இதிலிருந்து வெளிர் சிவப்பில், மணம் முந்தி நிற்கும், சற்றே இனிப்பான ஒயினை எதிர்பார்ப்பதே முறை.

வானிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாசிக்கில் பழம் முதிரும் சனவரியில் இரவு வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்குவதால், தோலில் நிறம் ஏறுகிறது, புளிப்பும் கரையாமல் நிற்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுதல்; ஆனால் ஒரே அறுவடை. சுருளிப்பட்டி இருக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் குளிர் இல்லை. நாமோ இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுத்துப் பழகியவர்கள். ஷிராஸை இங்கே நட்டு அந்த வேகத்தில் ஓட்டினால் கொடியும் இளைக்கும், பழமும் வெளுக்கும்.

முதலில் அரை ஏக்கரை மட்டும் ஒயினுக்கென ஒதுக்கிப் பாருங்கள். காய் பிடித்தவுடன் கொத்துகளைக் குறைத்து, நிறம் திரும்பும்போது கொத்தை மூடியிருக்கும் முதிர்ந்த இலைகளைக் கிள்ளி, அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். சந்தைக்கு அறுப்பதைவிடச் சில நாள் பிந்தி அறுக்க வேண்டும். விதையைக் கடித்துப் பாருங்கள். பச்சையாக, கசப்பாக இருந்தால் பொறுங்கள். சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகான பிரிக்ஸில் 18 இருந்தால் ஒயினில் ஏறக்குறைய 10 சதவீத ஆல்கஹால்தான் கிடைக்கும்; 20-ஐத் தொட்டால் நல்லது. மழை பெய்த மறுநாள் அறுக்காதீர்கள்.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் கந்தகம் பழத்தில் தங்கினால், நொதிக்கும்போது அழுகிய முட்டை வாடை எழும். நிறம் திரும்பிய பிறகு கந்தகம் தெளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒயின் ஆலையுடன் பேசும்போது விலையை எடைக்கு மட்டும் பேசாமல், பிரிக்ஸ் அளவுக்கும் சேர்த்துக் கவாத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தைக் குறைப்பதால் வரும் எடை இழப்பை அந்த விலைதான் ஈடுகட்ட வேண்டும். தோட்டத்திலேயே வடித்து விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது, 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றமாகும்.