படையெடுப்புக்குப் பின் மக்களாட்சி: பொறுமையை யார் யாரிடம் கேட்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: வெளிநாட்டுப் படை ஒன்று புகுந்து ஒரு கொடுங்கோல் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, "மக்களாட்சி வேரூன்றக் காலம் பிடிக்கும், அதுவரை பொறுத்திருங்கள்" என்று சொல்வது நியாயமா?

அந்நாட்டு மக்கள் தங்கள் நீதிமன்றங்களையும் கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் தட்டுத் தடுமாறிக் கட்டி எழுப்பும்போது நாம் காட்ட வேண்டிய பொறுமைக்கு எல்லை வைக்க நமக்கு உரிமை இல்லை. படை நடத்தி வந்தவர்கள் அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு தங்களுக்காகக் கேட்கும் பொறுமை வேறு. அதற்கு நாள் குறித்திருக்க வேண்டும், அளந்து பார்க்க ஓர் அளவு இருக்க வேண்டும், "ஏன் இன்னும் ஆகவில்லை" என்று கேட்கும் உரிமை அந்த மண்ணில் வாழ்பவர்களிடம் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் கேட்கப்படும் பொறுமை நியாயமற்றது என்பதே என் உறுதியான கருத்து.

இதில் முதலிலேயே விலக்கி வைக்க வேண்டிய ஒரு வாதமும் உண்டு. "இன்னும் இருபது முப்பது ஆண்டு கழித்துப் பாருங்கள், படையெடுத்தது சரிதான் என்று தெரியும்" என்பார்கள். 2003 மார்ச்சில் ஈராக்கில் படைகள் நுழைந்தபோது முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம் பேரழிவு ஆயுதங்கள். அவை அங்கே இல்லை. பின்னாளில் அந்நாட்டு மக்கள் தங்கள் உழைப்பாலும் உயிராலும் நல்லதோர் ஆட்சியை அமைத்துக்கொண்டால் அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது. அதைக் கொண்டு போய்ப் படையெடுத்தவனின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

ஈராக்கில் பொறுமை எப்படிக் கேட்கப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. 2003 மே மாதம் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராகப் பாக்தாத்துக்கு வந்த அமெரிக்கர் பால் பிரெமர், முதல் இரண்டு ஆணைகளிலேயே சதாம் உசேனின் பாத் கட்சியினரை அரசுப் பணிகளிலிருந்து விலக்கினார், இராணுவத்தைக் கலைத்தார். அந்த இரண்டுக்கும் பொறுமை தேவைப்படவில்லை. பல இலட்சம் குடும்பங்களின் பிழைப்பைத் தொட்ட முடிவுகள் சில நாள்களில் எடுக்கப்பட்டன. ஆனால் மக்கள் வாக்களிப்பது என்று வந்ததும் எல்லாமே மெதுவாகிவிட்டது. ஜூன் மாதம் நஜாஃப் நகரில் ஏற்பாடாகியிருந்த உள்ளூர்த் தேர்தல் நிறுத்தப்பட்டது. அரசியலமைப்பை எழுதுபவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகவே இருக்க வேண்டும் என்று மூத்த சமயத் தலைவர் அயத்துல்லா சிஸ்தானி அந்த மாதமே அறிவித்தார். வாக்காளர் பட்டியல் இல்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லை, ஆகவே பொறுங்கள் என்றது ஆக்கிரமிப்பு நிர்வாகம். அந்நாட்டில் 1990களிலிருந்தே வீட்டுக்கு வீடு ரேஷன் அட்டை இருந்தது; அந்தப் பதிவேட்டை வைத்து வாக்களிக்கலாமே என்று ஈராக்கியர்கள் சொன்னார்கள். அது போதாது என்று மறுத்தார்கள். 2004 ஜனவரியில் பாஸ்ராவிலும் பாக்தாத்திலும் தேர்தல் கேட்டு மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் 2005 ஜனவரி 30 அன்று தேர்தல் நடந்தபோது வாக்காளர் பட்டியலுக்கு அடிப்படையாக இருந்தது எது? அதே ரேஷன் பதிவேடுதான்.

நான் வாழ்வது மலேசியாவில், அன்றைய மலாயாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் அரிசி கட்டுப்பாட்டில் இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிசக் கொரில்லாக்களுக்கு ஒரு பிடி சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, எந்த வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணி எண்ணி அளந்து கொடுத்தார்களாம். பாக்தாத்தின் ரேஷன் அட்டைக் கதையைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. அரிசி அளப்பதற்காக ஒவ்வொரு வாயையும் எண்ணத் தெரிந்த நிர்வாகம், வாக்கு என்று வந்தால் மட்டும் ஆள்கணக்கு இல்லை என்று சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை.

ஜப்பானையும் ஜெர்மனியையும் காட்டிப் பொறுமை கேட்பவர்கள் உண்டு. அந்த இரண்டு நாடுகளிலும் ஆண்டுகள் பிடித்தன என்பது உண்மை. ஜப்பானில் ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரல் வரை நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் நேச நாடுகளின் மேலாண்மை 1955 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. ஆனால் வாக்குச் சீட்டு மக்களின் கைக்கு எப்போது வந்தது என்று பாருங்கள். 1945 மே மாதம் போர் முடிந்த ஜெர்மனியில், அமெரிக்க மண்டலத்துச் சிற்றூர்களில் 1946 ஜனவரியிலேயே உள்ளூர்த் தேர்தல் நடந்தது. நாடு தழுவிய தேர்தலுக்கு 1949 ஆகஸ்ட் ஆயிற்று. அதற்குள் ஊரும் மாநிலமும் வாக்களித்துப் பழகியிருந்தன. ஜப்பானில் 1946 ஏப்ரல் 10 அன்று பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்து, 39 பெண்கள் உறுப்பினர்களாயினர். அதற்கும் முன்பே, 1945 டிசம்பரில், தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிவிட்டது. இந்த இரு நாடுகளுக்கும் போருக்கு முன்பே தேர்தல் பழக்கமும் கட்டுக்கோப்பான நிர்வாகமும் இருந்தன, ஆகவே அவற்றை அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருத்திவிட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் மக்களை வாக்களிக்க விடாமல் காத்திருக்க வைத்ததற்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

தொழிற்சங்கம் என்று சொன்னதில் எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு, ஏனெனில் தோட்டத்து மனிதன் முதன்முதலில் கை தூக்கி வாக்களித்தது சங்கக் கூட்டத்தில்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணியின் (தோட்டக் கணக்கரின்) முன்னால் வாய் திறக்காமல் நின்றவன், சங்கத்தில் தன் தலைவனைத் தேர்ந்தெடுத்தான், அவனிடம் கணக்குக் கேட்டான், பிடிக்காவிட்டால் மாற்றினான். ஜப்பானியர் போன பிறகு, 1945 செப்டம்பர் முதல் 1946 மார்ச் வரை மலாயாவை ஆண்டது பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம். அந்தக் காலத்தில் நாடெங்கும் சங்கங்கள் முளைத்தன. ஜப்பானியர் போட்ட சயாம் மரண இரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்கள் நிறைந்திருந்த தோட்டங்களில், அந்தச் சங்கங்கள்தாம் மக்களாட்சியின் பால பாடம். 1948இல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒழிக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். தன்னாட்சி உரிய காலத்தில் வரும், பொறுத்திருங்கள் என்று சொன்ன அதே ஆட்சி, அந்தத் தன்னாட்சிக்குத் தகுதியானவர்களை உருவாக்கிக்கொண்டிருந்த அமைப்பை உடைத்தது. ஈராக்கிலும் இதே போக்குதான்: அரசுத் துறைத் தொழிலாளர்கள் சங்கம் அமைப்பதைத் தடுத்து 1987இல் சதாம் உசேன் கொண்டுவந்த சட்டத்தை, சதாமின் எத்தனையோ சட்டங்களை மாற்றிய பிரெமர் நிர்வாகம் மாற்றாமல் விட்டுவைத்தது. பொறுமை கேட்பவரின் நேர்மையை நான் எடைபோடுவது இந்த இடத்தில்தான்.

மலாயாவின் கதையில் மறுபக்கமும் இருக்கிறது. அவசரகாலம் முடியட்டும், அதன் பிறகு தேர்தல் என்று இங்கே காத்திருக்கவில்லை. 1951 டிசம்பரில் ஜோர்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகர்மன்றத் தேர்தல்கள் நடந்தன. அவசரகாலத்தில் மக்களைக் குடியேற்றி முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில்கூட ஊர்மன்றங்களுக்கு வாக்களித்தார்கள். 1955 ஜூலையில் கூட்டரசுச் சட்டமன்றத்தின் 52 இடங்களுக்குத் தேர்தல் நடந்து, மலாய், சீன, இந்தியக் கட்சிகள் சேர்ந்த கூட்டணி 51 இடங்களில் வென்றது. அவசரகாலம் முடிந்ததோ 1960 ஜூலையில். பாதுகாப்பு முழுமையாக வந்த பிறகே வாக்கு என்பது இயற்கை நியதி அல்ல என்பதற்கு நம் நாடே சான்று.

ஆனால் 1955இல் வாக்களித்தவர் யார்? பதிவு பெற்ற வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் அப்போது குடியுரிமை பெற்றிருக்கவில்லை. சுதந்திரத்தையொட்டி விதிகள் தளர்த்தப்பட்டாலும், மனுவை எழுதித் தரவும் பிறப்புப் பத்திரத்தைத் தேடித் தரவும் ஆளில்லாத எத்தனையோ பேர் விடுபட்டுப் போனார்கள். எங்கள் வரிசை வீட்டில் குடியிருந்த ஒரு பாட்டி கடைசி வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவர். 2013 பொதுத் தேர்தலன்று, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு பேத்தியோடு தமிழ்ப்பள்ளி வாசல் வரை வந்தார். பேத்தி உள்ளே போய்த் திரும்பும் வரை வெளியே வெயிலில் நின்றார். வந்தவளின் இடக்கை ஆள்காட்டி விரலைப் பிடித்து, முந்தைய தேர்தல்களில் இல்லாத அந்த மையைத் தேய்த்துப் பார்த்தார், அது போகவில்லை. "வெள்ளைக்காரன், ஜப்பான்காரன், நம்ம ஆளுங்க, எல்லாரையும் பாத்துட்டேன் ஆயி. எவனும் என்னை ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றார். பொறுமையைப் பற்றிய எந்த வாதத்தையும் நான் அந்தப் பாட்டியின் முன்னால் வைத்துத்தான் பார்க்கிறேன். நாடு மொத்தமாகப் பொறுத்திருந்தது என்று எழுதும்போது, அதில் யார் எவ்வளவு காலம் பொறுத்தார்கள் என்ற கணக்கு மறைந்துவிடுகிறது.

நாள் குறிக்காத பொறுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. மோதல் 1966இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன உறுப்பினர் முறையை நிலைப்படுத்திவிட்டது. எங்கள் தெருவில் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தாலும், அவரை அந்த இடத்தில் வைத்தது நாங்கள் அல்ல.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தவிர்த்துவிட்டுப் போவது முறையாகாது. ஈராக்கில் 2005இல் நடந்த தேர்தலே அவசரப்பட்டு நடத்தப்பட்டது, அதுவே சன்னி, ஷியா, குர்து என்ற பிளவை இறுக்கியது என்பார்கள். அந்தத் தேர்தலில் சன்னி அரபு மக்கள் பெருமளவில் புறக்கணித்தார்கள், அவர்களின் குரல் ஏறக்குறைய இல்லாமலே அரசியலமைப்பு எழுதும் வேலை தொடங்கியது, அடுத்த ஆண்டு சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலத்தின் தங்கக் குவிமாடம் தகர்க்கப்பட்ட பின் நாடு இரத்தக்களமாயிற்று என்பதெல்லாம் உண்மை. ஆனால் எது அவசரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து தொடங்கியிருக்கக்கூடிய ஓர் ஆண்டைத் தவறவிட்டு, பிறகு நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து ஒரே நாளில் நடத்தியதில்தான் கேடு இருந்தது. ஒரே தொகுதி என்று வந்தபோது, புறக்கணித்த வட்டாரத்தின் இடங்கள் வேறு வட்டாரத்துக்குப் போயின. தன் ஊர்க்காரர் யார் என்று பார்த்து வாக்களிக்க வழியில்லாத மனிதன், தன் இனத்தின் பட்டியலைப் பார்த்து வாக்களித்தான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ரப்பர்க் கன்றை நட்டுவிட்டு ஆறேழு ஆண்டு காத்திருப்பார்கள். காத்திருப்பது என்றால் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. மரத்தைச் சுற்றி நாடா பிடித்து அளப்பார்கள். அடிமரம் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பருத்தால்தான் பால்வெட்டுக்கு விடுவார்கள். யார் வந்து அளந்தாலும் அதே கணக்கு வரும், துரையும் அளக்கலாம், பால்வெட்டுக்காரரும் அளக்கலாம். படையெடுப்புக்குப் பின் பொறுமை கேட்பவர்கள் அந்த நாடாவை எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும்: எந்த மாதத்தில் ஊர்த் தேர்தல், எந்த மாதத்தில் காவல் துறை உள்நாட்டவர் பொறுப்பில், எத்தனை பேர் குற்றச்சாட்டின்றிச் சிறையில்.

ஆப்கானிஸ்தானில் பொறுமைக்குக் குறைவே இல்லை; ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அங்கே 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாவட்ட மன்றங்களுக்கும் நகராட்சித் தலைவர் பதவிக்கும் தேர்தல் நடத்த வேண்டும் என்று எழுதி வைத்தது. 2021 ஆகஸ்டில் காபூல் வீழும் வரை அந்த இரண்டும் நடக்கவில்லை. மாநில ஆளுநர்களை அதிபர் நியமித்தார். 2009 அதிபர் தேர்தலில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் மோசடி காரணமாகத் தள்ளுபடியாயின. 2014இல் முடிவை வாக்குப் பெட்டி சொல்வதற்குப் பதிலாக அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் முன்னின்று செய்த சமரசம் சொன்னது. 2019இல் பதிவு செய்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரின் வாக்குகூட எண்ணிக்கைக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் பொறுமை கேட்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் காபூலுக்கு வெளியே இருந்த மனிதன் எதற்கும் பொறுப்பேற்காத ஓர் அதிகாரியின் முன்னால்தான் நின்றான்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது: யாராவது பொறுமை கேட்டால், அவரை யார் பதவியிலிருந்து இறக்க முடியும் என்று முதலில் கேளுங்கள். அந்நாட்டு மக்களால் முடியும் என்றால் பொறுங்கள், எத்தனை ஆண்டானாலும் பொறுங்கள். 2019 அக்டோபரில் பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்திலும் நாசிரியாவிலும் கூடிய இளைஞர்கள், நூற்றுக்கணக்கானோரை இழந்தும் கலையாமல் நின்று பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தியைப் பதவி விலக வைத்தார்கள். நாட்டை 83 சிறு தொகுதிகளாகப் பிரிக்கும் தேர்தல் சட்டம் அவர்களின் போராட்டத்தால் வந்தது. 2021 தேர்தல் அதன்படி நடந்தது. 2023இல் பெரிய கட்சிகள் சேர்ந்து அந்த முறையை மறுபடி மாற்றிவிட்டன. அந்த இளைஞர்கள் மீண்டும் கேட்பார்கள், சில நேரம் தோற்பார்கள், தங்களுக்குள் பிளவுபடுவார்கள், நாம் விரும்பாதவர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கு எவ்வளவு காலம் ஆனாலும் அதைக் குறைசொல்ல நமக்கு இடமில்லை.