அல்வாவுக்கு அப்புறம் என்ன?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் பிறந்து வளர்ந்தது சென்னை அம்பத்தூர். கணவருக்கு வங்கி வேலை. மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சென்னையில் ஞாயிறு என்றால் வெளியேதான் சாப்பாடு. இங்கே வந்த புதிதில் அல்வா வாங்கினோம், பரோட்டா சாப்பிட்டோம், இரண்டு மூன்று ஏசி ஓட்டல்களுக்குப் போனோம். எங்கே போனாலும் அதே கோபி மஞ்சூரியன், அதே பனீர் பட்டர் மசாலா. அதோடு சரி. "வீட்டிலேயே நீ இவ்வளவு நல்லா செய்றியே, வெளியே எதுக்கு?" என்கிறார் கணவர். பதினொரு வயது மகளும் ஏழு வயது மகனும் "இந்த ஊர்ல சாப்பிட ஒண்ணுமே இல்லம்மா" என்கிறார்கள். மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். இப்போது சமையலே வெறுத்துவிட்டது. ஞாயிறு வந்தால் சண்டை. அடுத்த வீட்டு அக்கா எப்போதாவது ஏதாவது கொடுத்து அனுப்புவார். போன மாதம் தேங்காய்ப்பாலில் வெள்ளையாக ஒரு குழம்பு வந்தது, பிள்ளைகள் பாத்திரத்தை வழித்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் மகளுக்குப் பிறந்தநாள். நல்லதாக ஒரு சாப்பாட்டுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டுமா?

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. ஒன்று ஊர்ச் சாப்பாடு. இன்னொன்று உங்கள் அலுப்பு. அலுப்பை முதலில் பேசிவிடலாம். அது தீராமல் எந்த ஊர்ச் சாப்பாடும் நாக்கில் ஒட்டாது.

"வீட்டிலேயே நல்லா செய்றியே" என்று உங்கள் கணவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டு அடுப்பு ஒரு வேளை அணைந்து கிடந்தது. யாரோ பரிமாறினார்கள், யாரோ பாத்திரம் கழுவினார்கள். எட்டு மாதமாக அந்த ஒரு வேளை உங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். ஓட்டல் நல்லதா, வீட்டுச் சாப்பாடு நல்லதா என்று பேச ஆரம்பித்தால் அவர் காசையும் உடம்பையும் சொல்லி ஜெயித்துவிடுவார். "ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை நான் அடுப்படிக்கு வரமாட்டேன், அந்த வேளைக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று சொன்னால் மறுத்துப் பேச அதில் ஒன்றும் இல்லை. அவர் காலையில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் இட்லியும் சாம்பாரும் வாங்கி வரட்டும், இல்லையென்றால் உப்புமா கிண்டட்டும். உப்புமா கட்டி தட்டினாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுங்கள், அடுத்த வாரம் அவரே சரி செய்துகொள்வார்.

இனி ஊருக்கு வருகிறேன். நான் அதே பாளையங்கோட்டையில் பிறந்து இருபத்திரண்டு வயது வரை அங்கேயே இருந்தவள். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், நீங்கள் இன்னும் திருநெல்வேலியில் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. சென்னையில் எதுவும் எப்போதும் கிடைக்கும், நாம் நேரம் பார்த்துப் பழகியதில்லை. நெல்லையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு, ஒரு மாதம் உண்டு. அந்த நேரம் தெரியாமல் போனால் மெனு கார்டும் மஞ்சூரியனும்தான் கைக்கு வரும்.

அல்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. அரைக் கிலோ டப்பாவில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துச் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போங்கள். நெல்லையப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு கீழரத வீதிக்கு வந்தால் எதிரே இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், சரக்கு தீர்ந்ததும் கடை கட்டிவிடுவார்கள். வரிசையில் நின்று ஆளுக்கு நூறு கிராம் மட்டும் சுடச்சுட வாங்குங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்கில் கிண்டிய பண்டம் அது. சூட்டோடு இருக்கும்போது விரலில் நிற்காது, நெய் மணிக்கட்டு வரை வழியும், வாயில் போட்டால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. ஆறிப்போனால் அது வேறு பண்டம். தின்று முடித்ததும் ஒரு கை மிக்சர் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள், ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். தித்திப்புக்குப் பின்னால் அந்தக் காரம் இல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கும் அல்வா தின்ற மாதிரியே இருக்காது.

இப்போது பனை சீசனும் இருக்கிறது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊருக்கு வெளியே சாலையோரம் பதநீர் விற்பார்கள். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து அதில் ஊற்றித் தரச் சொல்லுங்கள், நுங்கும் போடச் சொல்லுங்கள். மாங்காய் கிடைத்தால் சின்னதாக நறுக்கி அதிலேயே போட்டுக் குடிக்கலாம். ஓலை வாசனையோடு குடிக்கிற அந்தப் பதநீரை உங்கள் மகன் ஒரு நாளும் மறக்கமாட்டான். பத்து பதினொரு மணிக்கு மேல் வாங்காதீர்கள், புளிக்க ஆரம்பித்துவிடும். இதையே தையில் வந்து கேட்டால் கிடைக்காது, அப்போது பனங்கிழங்குதான். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்துத் தின்ன வேண்டும்.

ஓட்டல்களைப் பற்றி எனக்கு நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மதியம் இலை போடுகிற மெஸ்ஸுக்கு மதியம் போங்கள், பரோட்டா போடுகிற கடைக்குக் கல் சூடான பிறகு ஏழு மணிக்குப் போங்கள், சால்னாவைத் தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள். டீக்கடையில் நாலரை மணிக்கு வடை எண்ணெயிலிருந்து வெளியே வரும், அப்போது நிற்க வேண்டும். பிள்ளைகள் ஃப்ரைடு ரைஸ் கேட்டால் மாதம் ஒரு தடவை வாங்கிக் கொடுங்கள், அதில் தப்பே இல்லை. பழகிய ருசியை ஒரேயடியாகப் பிடுங்கினால் புது ஊர் மேல்தான் கோபம் வரும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அந்த வெள்ளைக் குழம்பு. "ஒண்ணுமே இல்ல" என்று சொல்கிற அதே பிள்ளைகள்தானே அந்தப் பாத்திரத்தை வழித்தார்கள்? தங்கச்சி, அதற்குப் பெயர் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்தில் முக்கியமான சங்கதியே அதுதான், மாப்பிள்ளைச் சொதி என்றே சொல்வார்கள். எங்கள் ஊரின் நல்ல சாப்பாட்டில் பாதிக்கு மேல் இப்படி வீட்டுக்குள்தான் இருக்கிறது. சொதி, உளுந்தம்பருப்புச் சோறு, கூட்டாஞ்சோறு, தீயல், இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற புளிமிளகாய் எல்லாம் ஓட்டலில் தேடினால் அபூர்வமாகத்தான் அகப்படும். அந்த வீட்டுக்குள் போகிற வழி ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டது, தூக்குச்சட்டி வடிவில்.

அந்தத் தூக்குச்சட்டியை எப்படித் திருப்பிக் கொடுத்தீர்கள்? கழுவி வெறுமனே கொடுத்திருந்தால் பரவாயில்லை, உங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது, நாலு வாழைப்பழமாவது போட்டுத்தான் போகும். உங்களிடம் கொடுக்க நல்ல பண்டம் இருக்கிறது. சென்னைக்காரரான உங்களுக்கு வடகறி தெரியாமல் இருக்காது. கடலைப்பருப்பை அரைத்து, வடையாகத் தட்டி, உதிர்த்துப் போட்டுச் செய்கிற அந்த வடகறியை அடுத்த வீட்டில் சாப்பிட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு நாள் காலை இட்லி நேரத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, "எக்கா, அன்னிக்கு சொதி எப்படி வச்சீங்க? நீங்க வைக்கும்போது நான் பக்கத்துல நின்னு பாக்கட்டுமா?" என்று கேளுங்கள். பாளையங்கோட்டையில் இந்தக் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் சொன்ன ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

அவர் சொல்லித் தருவதற்கு முன்னால் நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய் வேண்டும். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து வையுங்கள். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் மூன்றாம் பாலில் வேகட்டும். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதுதான் காரம், மிளகாய்த்தூள் பக்கமே போகக் கூடாது. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு கரண்டி, பிறகு இரண்டாம் பால். எல்லாம் சேர்ந்து கொதித்த பிறகு தீயை நன்றாகக் குறைத்து முதல் பாலை ஊற்றுங்கள். இங்கேதான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டும், நடுவில் லேசாக அசையும், அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். எலுமிச்சம்பழம் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பிழியுங்கள். நெய்யில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம் வேண்டும். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாகக் கிடக்கும், இஞ்சிதான் அதைச் செரிக்க வைக்கும். உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தால் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, கூட்டாஞ்சோறு. சமையல் வெறுத்துப்போன உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அரிசி, துவரம்பருப்பு, கத்திரிக்காய், வாழைக்காய், மாங்காய், முருங்கைக்காய், புளி, தேங்காய் அரைப்பு என்று எல்லாம் ஒரே பானையில் போய்விடும், கடைசியில் ஒரு கை முருங்கைக்கீரை. குழம்பு, கூட்டு, பொரியல் என்று மூன்று சட்டி வைக்கிற வேலை இல்லை. அப்பளமோ வடகமோ பொரித்தால் போதும். ஆனால் காய் நறுக்குகிற வேலை நிறைய, அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை காலை மகாராஜநகர் உழவர் சந்தைக்கு நாலு பேருமாகப் போங்கள். மகள் காய் பொறுக்கட்டும், காசுக் கணக்கை மகன் சொல்லட்டும். வந்து தரையில் பேப்பரை விரித்து எல்லாரும் உட்கார்ந்து நறுக்குங்கள், கீரையை உருவ ஏழு வயதுக் கை போதும். உங்கள் கணவர் தேங்காய் துருவட்டும். எங்கள் வீட்டில் கூட்டாஞ்சோறு அன்றைக்கு அப்பா தேங்காய் துருவுகிற சத்தம்தான் எனக்கு இப்போதும் ஞாபகம், எப்போதாவது எங்கள் கையில் ஒரு துண்டு தேங்காய் வந்து விழும்.

கடைசியாகப் பிறந்தநாள். மதுரை வேண்டாம். ஜூன் கடைசி என்றால் குற்றாலத்தில் சாரல் பிடித்திருக்கும். தென்காசி வழியாகப் போனால் உங்கள் வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். காலையிலேயே போய் அருவியில் ஆசை தீரக் குளியுங்கள். குளித்துவிட்டு நேரே செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டருக்கு வண்டியை விடுங்கள். அங்கே பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடவே திருநெல்வேலியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். தலை ஈரம் காயாமல், குளிரில் பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வாழையிலையில் சூடாக வந்து விழுகிற பரோட்டாவுக்கு எந்த ஏசி ஓட்டலும் பக்கத்தில் வராது. சீசன் கூட்டம் அதிகம் இருக்கும், பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் பசியோடு நிற்க வேண்டி வரும். கேக்கை முந்தின நாள் ராத்திரியே வெட்டிவிடுங்கள், காரில் கொண்டுபோனால் குழைந்துவிடும்.

திரும்பும்போது குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார்கள். அடுத்த வீட்டு அக்காவுக்கும் ஒரு கிலோ வாங்குங்கள். அதற்குள் அவர்கள் தூக்குச்சட்டி மறுபடியும் உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா