செய்மதிப் படத்தில கடல் சிவப்பாத் தெரிஞ்சா கடல் கெட்டுப்போச்சு எண்டு அர்த்தமா?

கேள்வி கேட்டவர், திருகோணமலையில இருக்கிற கொட்டியாரக் குடாவையும் புறாத்தீவையும் வச்சு புரொஜெக்ட் செய்யப்போறன், கையில 8 ஜிபி ராம் லேப்டாப் மட்டும்தான் இருக்கு, காணுமா எண்டும் கீழ கேட்டிருக்கிறார். அதால கம்பஸ் பிள்ளை எண்டு நினைச்சு எழுதுறன், இல்லாட்டி குறை நினைக்காதைங்கோ. தலைப்புக் கேள்விக்குப் பதில், இல்ல. சிவப்பு எண்டா அந்த இடத்தில குளோரோபில் (பாசியில இருக்கிற பச்சைச் சாயம்) கூட எண்டு கணக்கு சொல்லுது, அவ்வளவுதான், கணக்கு பிழைக்கவும் பிழைக்கும். இந்த ஒரு வசனத்த ஊருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல.

சில வருசத்துக்கு முன்ன மாரி மழை ஊத்தி ஓய்ஞ்ச கிழமை, பேஸ்புக்கில ஒரு பக்கம் (பேர் வேண்டாம், இப்பவும் ஓடுது) ஒரு படம் போட்டுது. வெளிக்கடல் நீலம், கொட்டியாரக் குடா மட்டும் இரத்தச் சிவப்பு, மேல "குடாவில் நச்சுப்பாசி, மீன் வாங்காதீர்கள்". பின்னேரத்துக்குள்ள ஊரில உள்ள வட்சப் குறூப் எல்லாத்திலயும் அதுதான். அடுத்தநாள் விடிய எங்கட பெரியப்பா இறால் கொண்டுவந்து இறக்கினா, வழக்கமா எடுக்கிற கூலர்காரர் பெட்டி மூடியத் திறந்தும் பாக்கேல்ல. "ஐயா, படத்தில சிவப்பாக் கிடக்கு, கொழும்பில எடுக்கமாட்டாங்கள்" எண்டிட்டுப் போயிட்டார். பெரியப்பா எனக்கு போன் எடுத்து, "தம்பி, நீ இதத்தானே படிச்சனி, அந்தச் சிவப்பு எந்தப் பக்கம் கிடக்கு எண்டு சொல்லு, விடியத்தானே அதுக்குள்ளால வந்தனான், எனக்குச் சேறு மட்டும்தான் தெரிஞ்சது" எண்டார். மனுசன் ஒரே வரியில ஆய்வ முடிச்சிட்டார், எனக்குத்தான் அத நிரூபிக்க நாள் எடுத்தது.

முதல் அந்தப் படம் எங்கயிருந்து வந்தது எண்டு தேடினன். நாசாவின்ட அக்குவா செய்மதியில இருக்கிற மொடிஸ் கருவி எடுத்தது, 8 நாள் சேத்த படம், ஒவ்வொரு கட்டமும் 4 கிலோமீட்டர். குடா முழுக்க எண்ணினா விரலுக்குள்ள அடங்கிற கட்டங்கள்தான். மாரியில முகில் விலகிறதே அருமை, அந்த 8 நாளில ஒரு நாள்தான் தெளிஞ்சிருக்கு, ஆக அது சராசரியே இல்ல. எந்த நிறம் எவ்வளவு குளோரோபில் எண்டு காட்டிற நிறப் பட்டி ஒரு கன மீற்றருக்கு 0.01 மில்லிகிராமில தொடங்கி 20 வரை மடக்கை அளவில போகும், சிவப்புக்கும் நஞ்சுக்கும் அதில ஒரு தொடர்பும் இல்ல. அந்த பேஸ்புக் பக்கத்த நடத்திறவர் பட்டிய வெட்டிப்போட்டுத்தான் படத்தப் போட்டவர்.

இப்ப ஏன் சேறு குளோரோபில்லாத் தெரிஞ்சது? செய்மதிக்கு வாற வெளிச்சத்தில கிட்டத்தட்ட 90 வீதம் வளிமண்டலத்தில இருந்து வாறது, கடல் குடுக்கிறது மிச்சம் உள்ள சொட்டுத்தான். அந்த வளிமண்டலப் பங்கக் கழிக்க, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அலைநீளத்தில கடல் கறுப்பு, அங்க தெரியிற வெளிச்சம் எல்லாம் காத்தும் தூசியும்தான் எண்டு எடுப்பினம். ஆழ்கடலுக்கு அது சரி. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வந்து மூதூர்ப் பக்கம் கொட்டிற சேத்துத் தண்ணிக்கு அது சரிவராது, சேறு அந்த அலைநீளத்திலயும் மினுங்கும். உடனே கணக்கு "ஆ, தூசி கூட" எண்டு நினைச்சு நீலத்திலயும் அள்ளிக் கழிச்சுப்போடும். குளோரோபில் கணக்கே நீலத்தையும் பச்சையையும் ஒப்பிட்டுச் செய்யிறதுதானே, நீலம் குறைஞ்சா குளோரோபில் ஏறும். இது போதாதெண்டு இலை குழை அழுகின சாயமும் ஆத்தோட வரும், அதுவும் நீலத்தக் குடிக்கும். இதுகளச் சமாளிக்கத் திருத்தங்கள் செய்திருக்கினம், எண்டாலும் இப்படி ஒரு மாரித் தண்ணியில அதுகளும் திணறும்.

அதே நாள் சாதாரண நிறப் படத்த எடுத்துப் பாத்தா ஆத்து வாயில இருந்து பழுப்பு விசிறி ஒண்டு விரிஞ்சு கிடக்கு, முகிலுக்கு இடையால நல்லாவே தெரிஞ்சது. அது காணாது எண்டு பெரியப்பாவோட வள்ளத்தில போனன். ஐஸ்கிறீம் வாளி மூடிய வட்டமா வெட்டி, வலையில கட்டிற ஈயக்குண்டக் கட்டி நூலில இறக்கினன். இதுக்குப் பேர் செக்கித் தட்டு, 1865 இல அஞ்செலோ செக்கி எண்ட இத்தாலிப் பாதிரியார் செய்து பாத்த வேலை, இண்டைக்கும் உலகம் முழுக்கச் செய்யினம். வெள்ளை மூடி முழங்கை ஆழத்துக்குப் போகமுதல் காணாமப் போயிட்டுது. பிறகு ஒரு சோடாப் போத்தலில தண்ணி அள்ளிக்கொண்டுவந்து ராவு அசையாம வச்சன். விடிய அடியில விரல் மொத்தத்துக்கு வண்டல், மேல தேத்தண்ணிச் சாயம் மாதிரித் தெளிவு, பச்சை எண்டு ஒரு கீறும் இல்ல. போத்தலப் படம் பிடிச்சு அந்தப் பக்கத்துக்குக் கீழ போட்டன், என்னை புளொக் பண்ணிப்போட்டாங்கள். கூலர்காரர் மட்டும் பாத்துட்டுத் திரும்ப எடுக்கத் தொடங்கினார், அதுவும் விலையக் குறைச்சு.

இப்ப ஆராவது வந்து, "போத்தலில வச்சுப் பாக்கிறது ஆய்வா, நஞ்ச எப்படிப் பாத்தனீர்?" எண்டு கேப்பினம். சரி, அது ஆய்வுகூடம் இல்ல, நஞ்சுப் பாசி உண்மையா வாறதும் உண்டு, அத மறுக்கேல்ல. ஆனா நஞ்ச செய்மதி பாக்கேலாது, மைக்கிறஸ்கோப்பும் சாம்பிளும்தான் பாக்கும், குற்றம் சாட்டினவர்தானே சாம்பிள் எடுத்திருக்கவேணும்? இன்னொருத்தர் "செண்டினல் 2 இல 10 மீட்டர் கட்டம் இருக்கே" எண்டுவார். இருக்கு, ஐரோப்பாக்காரரின்ட செய்மதி, நானும் பாவிக்கிறன், சேத்து விசிறி எங்க முடியுது எண்டு பாக்க அருமையான சாமான். ஆனா அது தரைக்கு எண்டு செய்தது, கடல் தாற சொட்டு வெளிச்சத்த பிரிச்சுப் பாக்கிற நுணுக்கம் குறைவு. கடலுக்கு எண்டு செய்தது செண்டினல் 3, 300 மீட்டர், 21 அலைவரிசை. 2024 பெப்ரவரியில நாசா ஏவின பேஸ் செய்மதி இன்னும் மேல, நூற்றுக்கணக்கான நிறமாப் பிரிச்சுப் பாக்குது, எந்த வகைப் பாசி எண்டு கூடப் பிரிக்க வழி இருக்கு, ஆனா கட்டம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல.

புறாத்தீவு வேற கதை. அங்க தண்ணி தெளிவு, ஆழம் குறைவு, அடிமண்ணிலயும் பாரிலயும் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தையும் கணக்கு குளோரோபில் எண்டு எடுக்கும். முருகைக்கல் வெளிறுமா எண்டு பாக்க நிறத்த விடுங்கோ, வெப்பத்தப் பாருங்கோ. அமெரிக்காவின்ட கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின்ட கோறல் றீவ் வோச், 5 கிலோமீட்டர் கட்டத்தில, வழமையான உச்ச வெப்பத்த விட எவ்வளவு கூட, எத்தன கிழமை நிண்டது எண்டு கூட்டித் தருது. அந்தக் கூட்டுத்தொகை 4 தாண்டினா வெளிறல், 8 தாண்டினா சாவும் வரலாம்.

செய்மதி உண்மையா வெளுத்துவாங்கிற இடம் வெளிக்கடல். சோழகம் (தென்மேற்குப் பருவக்காத்து) அடிக்கிற காலம், யூன் யூலையில, தென்கரையில அடித்தண்ணி மேல எழும்பி பச்சையாகி, நீரோட்டத்தோட கிழக்கால வளைஞ்சு வங்காள விரிகுடாவுக்குள்ள நாக்கு மாதிரி நீளும். அத ஒரு வள்ளத்தில போய் ஆராலும் பாக்கேலாது. புரொஜெக்டுக்கு அதுதான் நல்ல விசயம் எண்டு நான் சொல்லுவன், நீங்க குடாவத்தான் பிடிச்சுக்கொண்டு நிப்பியள் எண்டும் தெரியும்.

குடாதான் எண்டா தண்ணிச் சாம்பிள் முடிவுகள் தேவை, அங்கதான் எரிச்சல். நாசா படம் வீட்டில இருந்து இலவசமா இறக்கலாம். நம்மட குடாவில எடுத்த பழைய அளவுகளக் கேட்டு ஒரு கந்தோருக்குப் போனா, திணைக்களத் தலைவர்ட கடிதம் வேணுமாம், கடிதத்தோட போனா அது ஆங்கிலத்தில இருக்கவேணுமாம், ஆங்கிலத்தில கொண்டுபோனா அலுமாரித் திறப்பு வச்சிருக்கிறவர் லீவாம். வீட்டில வேற, கலியாணம் பேச வாற ஆக்களுக்கு அம்மா "மகன் கடலுக்கு நிறம் பாக்கிறவர்" எண்டுதான் சொல்லுறா. பெயின்ட் கடையோ எண்டு கேட்டவையும் இருக்கினம்.

லேப்டாப் விசயம்: 8 ஜிபி காணும். செய்மதிப் படம் திறக்கிற மென்பொருள் ரெண்டு, நாசாவின்ட சீடாஸும் ஐரோப்பாக்காரரின்ட ஸ்நாப்பும், இலவசம். செண்டினல் 3 முழுப்படம் ஒண்டே நூற்றுக்கணக்கான எம்பி, அப்படியே திறந்தா இறுகிப்போகும், திருகோணமலைய மட்டும் வெட்டி எடுத்துட்டு வேலை செய்யுங்கோ. மார்ச் ஏப்ரல் படத்தோட தொடங்குங்கோ, மாரிப் படத்த முதல்ல திறந்தா முகிலத்தான் பாத்துக்கொண்டு இருப்பியள்.