மாநாட்டில் பேசப்பட்ட ஊசி உங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மலக்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. ரேடியேஷன், கீமோ, அதன்பின் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆசனவாயை எடுத்துவிட்டு வயிற்றில் நிரந்தரமாகப் பை வைக்க வேண்டிவரலாமாம். குடல் புற்றுநோய் சிகிச்சை பற்றிய ஒரு மாநாட்டுச் செய்தியில், வெறும் ஊசி மருந்தாலேயே எல்லோருக்கும் கட்டி மறைந்துவிட்டது என்று படித்தோம். அந்த மருந்தை வரவழைத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? ரேடியேஷன் அடுத்த வாரம் தொடங்குகிறது.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். ரேடியேஷன் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு பரிசோதனையின் முடிவு உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். மருந்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நீங்கள் படித்த செய்தி பொய்யில்லை. டோஸ்டார்லிமாப் என்ற மருந்து அது. 2022 ஜூனில் சிகாகோவில் நடந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனைக் குழு அதன் முடிவுகளை வெளியிட்டது. 500 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம். சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கட்டி மறைந்தது. 2025இல் அதே குழு மலக்குடல் புற்றுநோயாளிகள் 49 பேரின் முடிவைச் சொன்னபோதும் அப்படியே. செய்தித் தலைப்பில் விடுபட்டது ஒன்றுதான்: இவர்கள் எல்லோருமே ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டி உள்ளவர்கள் என்று பரிசோதித்துப் பார்த்தே சேர்க்கப்பட்டவர்கள். மலக்குடல் புற்றுநோயில் அந்த வகை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு இந்த ஊசியைத் தனியாகப் போட்டால் பலன் கிடைப்பது மிக அரிது. அதோடு, சரியான சிகிச்சை தொடங்க வேண்டிய மாதங்களும் கையைவிட்டுப் போய்விடும்.

அந்த வகை எது? செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்த உடலில் சில புரதங்கள் உண்டு. இந்தத் திருத்தும் வேலையைத்தான் சுருக்கமாக எம்.எம்.ஆர். என்பார்கள். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நான்கையும் பரிசோதிப்பார்கள். கட்டிச் செல்களில் இவற்றில் ஏதேனும் காணாமல்போனால் பிழைகள் குவிந்துகொண்டே போகும். பிழை மிகுந்த செல் நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும். அவற்றைத் தடுத்து வைத்திருக்கும் பூட்டைத்தான் இந்த மருந்து திறந்துவிடுகிறது. திருத்தும் புரதங்கள் நான்கும் நலமாக இருக்கும் கட்டியில் பூட்டைத் திறந்தாலும் அணுக்கள் தேடிப் பிடிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க அப்பாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டாம், கொலோனோஸ்கோபியும் வேண்டாம். ஏற்கெனவே எடுத்த பயாப்சித் துண்டு மெழுகில் பதித்த பிளாக்காக ஆய்வகத்தில் இருக்கும். அதில் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, சுருக்கமாக ஐ.எச்.சி., என்ற சாயப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 'எம்.எம்.ஆர். ஐ.எச்.சி., நான்கு புரதங்கள்' என்று எழுதிக் கேட்டால் போதும். சில நாட்களில் முடிவு வந்துவிடும். அதற்காக ரேடியேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனால் கெடுதல் இல்லை. கட்டி குடலை அடைத்து வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல் நின்றுவிட்டாலோ ரத்தம் நிற்காமல் போனாலோ மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

குடல் புற்றுநோய் என்று தெரியவந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் வழிகாட்டு நெறிகளில் பல ஆண்டுகளாக இருக்கும் விஷயம். ஆனாலும் பேத்தாலஜி ரிப்போர்ட்டைத் திறந்தால் 'அடினோகார்சினோமா, மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்' என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும். அறுவை சிகிச்சைத் துறை கேட்கவில்லை, அதனால் ஆய்வகம் செய்யவில்லை. ரேடியேஷன் துறைக்கோ தேதி கொடுக்கும் அவசரம். நோயாளியின் மகன் செய்தி படித்துவிட்டு வந்து நினைவூட்ட வேண்டிய நிலையை எந்த மருத்துவமனையும் வைத்திருக்கக் கூடாது. இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன், நீங்களே கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் பார்க்க வேண்டியது இதுதான். நான்கு புரதங்களுக்கும் 'ரிட்டெய்ன்ட்' அல்லது 'இன்டாக்ட்' (புரதம் இருக்கிறது) என்றிருந்தால் அப்பாவின் கட்டி அந்த வகை இல்லை. ஏதாவது ஒன்றுக்கு 'லாஸ்' (புரதம் இல்லை) என்றிருந்தால், பக்கத்திலுள்ள சாதாரணச் செல்களில் சாயம் ஏறியிருக்கிறது என்ற குறிப்பும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல செல்லிலும் சாயம் ஏறவில்லை என்றால் பழுது சோதனையில்தான். பி.டி.எல்.1 என்ற வேறொரு சோதனையைக் காட்டி 'பாசிட்டிவ், ஊசி போடலாம்' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் அதற்கு இடம் உண்டு. மலக்குடலில் முடிவெடுக்க அது உதவாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள், இதில் சறுக்குபவர்கள் அதிகம். ரேடியேஷனும் கீமோவும் முடிந்தபின் எடுத்த சதையில் இதே சோதனையைச் செய்தால் எம்.எஸ்.எச்.6 புரதத்தின் சாயம் மங்கியோ மறைந்தோ தெரியக்கூடும். சிகிச்சையே அப்படிச் செய்யும். மற்ற மூன்றும் நலமாக இருந்து எம்.எஸ்.எச்.6 மட்டும் இல்லை என்று அப்போது வந்தால் அதை நம்பி ஊசி தொடங்கவும் கூடாது, போலி என்று தூக்கிப்போடவும் கூடாது. பரம்பரையாக எம்.எஸ்.எச்.6 மட்டும் பழுதான குடும்பங்கள் உண்மையிலேயே உண்டு. முதலில் எடுத்த பயாப்சி பிளாக்கைத் தேடி எடுத்து அதில் சோதிக்க வேண்டும். அதில் சதை தீர்ந்துபோயிருந்தால், இருக்கும் திசுவில் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும்) முறையில் எம்.எஸ்.ஐ., அதாவது திருத்தப்படாத பிழைகள் டி.என்.ஏ.வில் விட்ட தடயம், இருக்கிறதா என்று பார்க்கலாம். ரேடியேஷனுக்கு முன்பே சோதித்துவிட்டால் இத்தனை குழப்பமும் இல்லை.

இனி, பணம் கேட்பவர். இப்படி வருபவர்கள் முதலில் கேட்பது பிளாக்கை. 'மேலே அனுப்பிப் பார்க்கிறோம்' என்று வாங்கிப்போன பிளாக் திரும்பி வராவிட்டால், பின்னால் எந்தச் சோதனைக்கும் சதை இருக்காது. வேறு ஆய்வகத்தின் கருத்து தேவையென்றால், 4 மைக்ரான் தடிமனில் வெட்டிய, சாயம் ஏற்றாத, 'சார்ஜ்டு' (சதை கழன்றுவிடாமல் ஒட்டிக்கொள்ளும் வகை) ஸ்லைடுகள் பத்து கேளுங்கள். நான்கு புரதங்களுக்கும் போக மீதமும் இருக்கும். பிளாக்கையே தர நேர்ந்தால் ஆய்வகம் நேரடியாக ஆய்வகத்துக்கு அனுப்பட்டும், பிளாக் எண் எழுதிய ரசீது உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்தது மருந்துக் குப்பி. 2 முதல் 8 டிகிரிக்குள், உறையாமல், குலுக்காமல், வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டிய மருந்து இது. தோள்பையில் வந்த குப்பி எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பார்த்தாலும் தெரியாது. மருத்துவமனை மருந்தகம் தானே வாங்கிப் பதிவு செய்யாத குப்பியை ஏற்றாதீர்கள். ரத்தத்திலிருந்து எதிர்ப்பு அணுக்களை எடுத்து வளர்த்துத் தருகிறோம் என்று விற்கிறவர்களும் 'இம்யூனோதெரபி' என்ற அதே பெயரைத்தான் சொல்வார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எம்.எம்.ஆர். ரிப்போர்ட்டைப் பார்க்காமலே மருந்துக்கு விலை பேசுகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அந்த வகைதான் என்று தெரிந்தால் ரேடியேஷனை நிறுத்திவைத்து, புற்றுநோய் மருந்து நிபுணரையும் அறுவை நிபுணரையும் ஒன்றாகப் பாருங்கள். ஊசியின்போது வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். அது எதிர்ப்பு அணுக்கள் குடலையே தாக்குவதாக இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படும். மூச்சுத்திணறல், மிகுந்த சோர்வு என்றாலும் அன்றே சொல்ல வேண்டும்.

அந்த வகை இல்லையென்றால் பைதான் கதி என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியேஷனையும் முழுக் கீமோவையும் ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்து முடிக்கும் முறை வந்திருக்கிறது. ஓப்ரா என்ற ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மலக்குடலை எடுக்காமலே பார்த்துக்கொள்ள முடிந்தது. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எம்.ஆர்.ஐ.யில் கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது? மலக்குடலைச் சுற்றிய உறைக்கும் கட்டிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா? எந்த ஆபரேஷன், எவ்வளவு ரேடியேஷன் என்பதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

எந்த வழியில் கட்டி மறைந்தாலும், ஆபரேஷன் வேண்டாமென்று விடுபவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, என்டோஸ்கோபி, குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. கட்டாயம். மீண்டும் முளைப்பது பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான். உடனே கண்டுபிடித்தால் அப்போதும் பெரும்பாலும் ஆபரேஷன் செய்ய முடியும். ஒழுங்காக வர முடியாது என்றால் இந்த வழியை எடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவுக்கு 'லாஸ்' என்று வந்தால் அது லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து உறுதியானால், உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அதே பிழை உள்ளவர்கள், எந்த மரபணு என்பதைப் பொறுத்து 20 முதல் 35 வயதுக்குள் கொலோனோஸ்கோபியைத் தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான ஆலோசனையும் சேர்த்துத் தேவைப்படும்.