நாக்பூருக்கு மாற்றல்: எல்லோரும் போவதா, அவர் மட்டும் போவதா?

கேள்வி: என் கணவருக்குப் பதவி உயர்வோடு நாக்பூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். மகள் ஸ்டேட் போர்டில் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். 71 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். ‘பாஷை தெரியாத ஊருக்கு வந்து நான் என்ன பண்ணுவேன்’ என்கிறார். மகள் ப்ளஸ் டூ முடிக்கும் வரை கணவர் மட்டும் அங்கே இருக்கட்டும் என்பது சொந்தக்காரர்களின் யோசனை. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: போங்கள். குடும்பமாகவே போங்கள், இந்த ஜூனிலேயே.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உங்கள் மகளின் வகுப்புதான். சம்பளம், வீடு, மாமியார் எல்லாம் அதற்குப் பிறகு. நாக்பூரில் அவளைச் சேர்க்கப்போவது சிபிஎஸ்இ பள்ளியாகத்தான் இருக்கும். அதில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடந்துவிடும். அடுத்த வருடம் போய்ப் பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்க்க வேண்டும் என்றால் பெற்றோரின் இடமாற்ற உத்தரவைக் காட்டி, வாரியத்தின் அனுமதி வாங்கி, அதுவும் ஸ்டேட் போர்டிலிருந்து வருகிற பிள்ளை என்றால் இன்னும் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வருடம் ஒன்பதில் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. இதை விட்டால் அடுத்த நல்ல சமயம் பதினொன்றாம் வகுப்புதான்.

சொந்தக்காரர்கள் சொல்வது நான்கு கல்வியாண்டுகள். அதற்குள் உங்கள் பையன் ஆறாம் வகுப்பை முடித்திருப்பான். நாக்பூர், வாரக் கடைசியில் வந்து போகிற தூரம் இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்தே ஒரு ராத்திரியும் மறுநாள் பாதிப் பகலும் ஆகும், திருச்சி–சென்னை பயணம் தனி. மாதம் ஒருமுறை வருவேன் என்று ஆரம்பிப்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் என்று ஆகிவிடும். உங்கள் கணவர் ஏப்ரலில் தனியாகப் போய் இரண்டு மாதம் இருப்பது வேறு. அது நல்லதுகூட, வீடும் பள்ளியும் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

சரி, இந்தி. பையனைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம், தெருவில் விளையாடியே பேசிவிடுவான். மகளுக்குத்தான் சிக்கல், அதுவும் பேச்சில் இல்லை, பரீட்சையில். சிபிஎஸ்இ ஒன்பது, பத்தில் குறைந்தது இரண்டு மொழிகள் கட்டாயம். ஆங்கிலம் ஒன்று, இன்னொன்று என்ன? தமிழ் சிபிஎஸ்இ பாடப் பட்டியலில் உண்டுதான், ஆனால் அந்தப் பள்ளி அதை நடத்த வேண்டுமே. அதனால் பள்ளி தேடும்போது உங்கள் முதல் கேள்வி கட்டணம் பற்றியோ ரிசல்ட் பற்றியோ இருக்கக் கூடாது. ‘ஒன்பதாம் வகுப்பில் என்னென்ன மொழி வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பிரெஞ்சை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கும் பள்ளி கிடைத்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். இந்தி மட்டும்தான் என்றால் ‘கோர்ஸ் பி’ இருக்கிறதா என்று பாருங்கள், இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் லேசு. எழுத்துகளையும் வாசிப்பையும் இப்போதே, இந்த வாரமே, ஒரு டியூஷனில் தொடங்கிவிடச் சொல்லுங்கள்.

மராத்தியும் உண்டு. நம் ஊரில் 2006இல் வந்த தமிழ் கற்கும் சட்டம் போலவே மகாராஷ்டிராவில் 2020இல் ஒரு சட்டம் வந்தது. எந்த வாரியப் பள்ளியாக இருந்தாலும் பத்தாம் வகுப்பு வரை மராத்தி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது அது. வெளிமாநிலத்திலிருந்து நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு என்ன சலுகை தருகிறார்கள் என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை போதாது.

சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும், உங்கள் மகளுக்கோ அப்போது முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். இது பலருக்கும் வருகிற குழப்பம்தான். இடத்தை உறுதி செய்து, தேர்வு முடிந்து வந்து சேர்வதாகக் கடிதம் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் சில வாரப் பாடம் போகும், கோடை விடுமுறையில் பிடித்துவிடலாம். டிசி வாங்கும்போது மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பத்தையும் (கவுன்டர்சைன்) சேர்த்தே வாங்குங்கள். வெளிமாநிலப் பள்ளிகள் அதைக் கேட்கும், அதற்காகத் திரும்ப ரயிலேறி வந்தவர்கள் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மகள் நாளைக்கு டாக்டருக்கோ இன்ஜினியரிங்குக்கோ இங்கே படிக்க நினைக்கலாம். மருத்துவத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, பொறியியலுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சர்டிபிகேட் (தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற சான்று) கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைக் காட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே கதவு மூடிவிடாது, காகிதம் கூடும், அவ்வளவுதான். நீங்கள் இருவரும் இங்கே படித்த சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். சாதிச் சான்றிதழை இங்கே பயன்படுத்தலாம், மகாராஷ்டிர அரசின் இட ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. ஆந்திராவிலிருந்து அப்பாவின் வேலைக்காகப் பம்பாய் போன பழங்குடி மாணவர் ஒருவர் அங்கே மருத்துவ இடம் கேட்ட வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்.

ஊரைப் பற்றி. மத்திய ரயில்வே, தென்கிழக்கு மத்திய ரயில்வே இரண்டுக்கும் அங்கே கோட்டத் தலைமையகம் இருக்கிறது, போதாததற்கு மத்திய அரசு அலுவலகங்கள் வேறு. அதனால் மாற்றலில் வரும் குடும்பங்கள் அந்த ஊருக்குப் புதிதில்லை. வந்து இறங்கும் எல்லோரையும் ஒரு மாதிரி பார்க்கிற ஊர் அல்ல. வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். மே மாதம் 45 டிகிரியைத் தாண்டும், திருச்சி வெயிலில் வளர்ந்தோம் என்ற தைரியம் அங்கே எடுபடாது. நாக்பூர் இருக்கும் விதர்பா பகுதியில் ஸ்டேட் போர்டு பள்ளிகளையே மற்ற மகாராஷ்டிராவைவிடத் தாமதமாக ஜூன் கடைசியில்தான் திறக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் சாமான்களோடு மேயில் போகாதீர்கள், ஜூன் பாதிக்கு மேல், மழை எட்டிப் பார்த்த பிறகு போங்கள். வாடகை குறைவு என்று மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டை மட்டும் எடுக்க வேண்டாம். கோடையில் அங்கே காற்று காய்ந்து கிடப்பதால் சென்னையில் வேலைக்கு ஆகாத ஏர் கூலர் அங்கே அருமையாக வேலை செய்யும், ஏசி பில்லுக்கு அஞ்சுபவர்களின் ரகசியம் அது. டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டரும் வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தை அங்கே ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்பார்கள், வழக்கமாகப் பதினொரு மாதம். பதினொரு மாதம்தானே, பதிவு எதற்கு என்று நம் ஊர் வழக்கத்தில் நினைக்காதீர்கள். மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும், அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர் வீட்டை விட்டுவிடுங்கள். ஆதாரில் முகவரி மாற்றுவது முதல் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம்தான் கேட்பார்கள். முதல் வருடத்தில் அங்கே வீடு வாங்கவும் வேண்டாம், திருச்சி வீட்டை விற்கவும் வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேச ஆளில்லாத ஊரில், நீங்கள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, ஜூன் புழுக்கத்தில் பூட்டிய வீட்டுக்குள் அவர் என்ன செய்வார்? நாத்தனாரோ கொழுந்தனாரோ இருந்தால் சில மாதம் அங்கே இருக்கட்டும். தீபாவளிக்குப் பிறகு வெயில் இறங்கியதும் ‘வந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம்’ என்று கூப்பிடுங்கள், அதை நிஜமாகவே சொல்லுங்கள். வந்து இருந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவர் தலையில் மொத்தமாகக் கட்டாதீர்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் அட்டை கிடைக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை, வேறு மாநிலத்தில் திட்டத்தில் உள்ள மருத்துவமனையிலும் செல்லும். கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.

உங்கள் வேலை என்ன ஆகும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை, எல்லோரும் அதை விட்டுவிடுவதாகவே முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. கணக்கு டீச்சருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. சிபிஎஸ்இ பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில்தான், பிள்ளைகள் உங்களோடு இந்தியில் பேசியே உங்களுக்குப் பழக்கிவிடுவார்கள். மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட் எழுதியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த முறையே எழுதுங்கள். இப்போது அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் முழுவதும் மதிப்பு உண்டு, மொழித்தாளில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை தரும் பள்ளிகளும் இருக்கின்றன, மகளுக்கு இடம் கேட்கும் இடத்திலேயே உங்கள் பயோடேட்டாவையும் கொடுத்துப் பாருங்கள்.

மற்றவை சில்லறை வேலைகள். கேஸ் இணைப்பில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், அடுப்பு உங்களுடையது. வாக்காளர் அட்டையில் முகவரி மாற்றப் படிவம் 8. ரேஷன் அட்டை ‘பிஎச்எச்’ (முன்னுரிமைக் குடும்பம்) என்றால் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அங்கேயும் அரிசி வாங்கலாம், ‘என்பிஎச்எச்’ (முன்னுரிமை இல்லாதது) என்றால் முடியாது. டிரைவிங் லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். வண்டிதான் செலவு வைக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் இங்குள்ள ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும், கடன் இருந்தால் வங்கியின் சான்றும் வேண்டும். அங்கே பதிவானதும் இங்கே கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், கேட்டால்தான் கிடைக்கும். கணவரின் நிறுவனத்துக்கு நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருந்தால் மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத ‘பிஎச்’ (பாரத்) எண்ணுக்கு வண்டியை மாற்ற முடியுமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் பழசு என்றால் திருச்சியிலேயே விற்றுவிடுங்கள்.