லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு டாப்-அப் கடன்: ஹவில்தார் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 40. ராணுவத்தில் 21 ஆண்டுகள் முடித்து, ஹவில்தாராகப் பணியாற்றுகிறேன். சொந்த ஊர் வேலூர் மாவட்டம் கணியம்பாடிக்கு அருகில் ஒரு கிராமம். பிடித்தம் போக 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டின் முன்பகுதியில் ஆறு இயந்திரங்கள் வைத்துப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் ஊர்ப் பையன்களுக்கு நானும் ஓய்வுபெற்ற இரண்டு வீரர்களும் இலவசமாக உடற்பயிற்சி அளிக்கிறோம். 2021-இல் தையல் இயந்திரங்களுக்காக 5 லட்சம் தனிநபர் கடன் வாங்கினேன். பிறகு மைத்துனரின் சரக்கு ஆட்டோவுக்கு 3 லட்சம், துணிக் கொள்முதல், மைதானச் செலவு என்று டாப்-அப் (ஓடிக்கொண்டிருக்கும் கடனின் மேல் கூடுதல் கடன்) வாங்கியதில் நிலுவை 11.5 லட்சமாகிவிட்டது, வட்டி 11.5 சதவீதம், தவணை 25,300. வங்கி இன்னும் 4 லட்சம் தருவதாகச் சொல்கிறது. அதில் 2 லட்சத்துக்கு மைதானத்தில் கொட்டகை போட்டு, மீதி 2 லட்சத்தில் எட்டு வயது மகளுக்கு ‘உத்தரவாத வருமான’ பாலிசி எடுக்கலாமா? அல்லது இப்போதே பணியிலிருந்து விலகி, தொழிலையும் பயிற்சியையும் கவனிக்கலாமா?

பதில்: அந்த 4 லட்சத்தை வாங்காதீர்கள். கொட்டகையும் பாலிசியும் பிறகு பேச வேண்டியவை. லீவுக்கு வரும்போதெல்லாம் கடனைப் புதுப்பிக்கும் பழக்கத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். அதிலும் பயணத்துக்குப் போனது போகத்தான் நீங்கள் குடும்பத்தோடு இருக்க முடிகிறது. மற்ற மாதங்களில் சேர்ந்திருந்த தேவைகள் எல்லாம் அந்த நாட்களில்தான் உங்கள் முன் வந்து நிற்கும். கூட இருக்க முடியவில்லையே என்ற மனக்குறையில் இருப்பவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராது. அதே நேரத்தில், சம்பளக் கணக்கு உள்ள வங்கி கேட்ட உடனே கடன் தருகிறது. ஆனால், ஒவ்வொரு டாப்-அப்பிலும் பழைய கடன் முடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது என்பதையும், தொடக்கத் தவணைகளில்தான் வட்டியின் பங்கு அதிகம் என்பதையும் நீங்கள் கவனிக்கவில்லை. இப்போது நீங்கள் கட்டும் 25,300-இல் சுமார் 11,000 வட்டிக்கே போகிறது.

பணி நீட்டிப்பு கிடைக்காவிட்டால், ஹவில்தாராக 24 ஆண்டுகள் முடித்து இன்னும் மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுவீர்கள். இப்போதைய கடனைத் தொடாமல் கட்டி வந்தால் அன்று சுமார் 5.4 லட்சம் மிச்சமிருக்கும், பணிக்கொடையிலிருந்து அடைத்துவிடலாம். மேலும் 4 லட்சம் வாங்கினால் தவணை 34,000 ஆகும், ஓய்வு பெறும் நாளில் 7.3 லட்சம் நிலுவை இருக்கும். அடிப்படைச் சம்பளம் 40,400 என்று வைத்துக்கொண்டால், ராணுவச் சேவைச் சம்பளம் 5,200-ஐச் சேர்த்து அதில் பாதி, அதாவது 22,800 ஓய்வூதியம். அகவிலை நிவாரணத்தோடு ஏறக்குறைய 35,000. அந்த 22,800-இல் பாதியைத் தொகுத்துப் பெற்றால், அதாவது மாதாமாதம் வாங்காமல் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டால் (ராணுவத்தில் 50 சதவீதம் வரை அனுமதி உண்டு), சுமார் 12 லட்சம் கைக்கு வரும். ஆனால் 15 ஆண்டுகளுக்கு மாதம் 11,400 பிடித்தம் போய், மிஞ்சுவது 24,000-க்குள்தான். அந்த 24,000-ஐ வைத்துக்கொண்டு 34,000 தவணையை எப்படிக் கட்டுவீர்கள்? தொகுத்துப் பெற்ற பணத்தையே கடனுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

துணிக் கொள்முதலுக்கு டாப்-அப் வாங்கியதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம். மார்ச்சில் துணி எடுத்து, ஜூனில் சீருடை கொடுத்து, பள்ளிகளிடமிருந்து ஆகஸ்டுக்குள் பணம் வருகிறது என்றால் உங்களுக்குத் தேவைப்படுவது ஐந்து மாதக் கடன். 2 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு ஐந்து மாதம் வைத்திருந்தால் வட்டி 10,000. அதையே ஐந்து ஆண்டுத் தனிநபர் கடனாக வாங்கினால் மொத்த வட்டி ஏறத்தாழ 64,000. உங்கள் மனைவி ராத்திரி பகலாகத் தைத்துச் சம்பாதிக்கும் ஒரு பருவத்து லாபத்தை அந்த வட்டியே கொண்டுபோய்விடக்கூடும். தொழில் அவர் பெயரில் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெறட்டும். அவர் பெயரிலேயே தனி நடப்புக் கணக்கும், சிறுதொழில்களுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தில் ஒரு சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கும் இருக்கட்டும். சி.சி. கணக்கில் எடுத்த தொகைக்கும் எடுத்திருந்த நாட்களுக்கும் மட்டும்தான் வட்டி. பணியில் இருப்பவர் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடக்கூடாது என்ற விதி இருப்பதால், உங்கள் சம்பளக் கணக்கைத் தொழிலிலிருந்து முற்றிலும் பிரித்துவிடுவது உங்களுக்கும் பாதுகாப்பு. பிரித்த பிறகுதான் அந்தத் தொழில் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதே உங்கள் இருவருக்கும் தெரியவரும். கடிதத்தில் லாபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவலையோடு குறிப்பிடுகிறேன்.

பாலிசி வேண்டாம். இத்தகைய உத்தரவாதத் திட்டங்களின் உண்மை வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 சதவீதம்தான், 11.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி அதில் போடச் சொல்லும் முகவர் உங்கள் மகளை நினைத்து இதைச் சொல்லவில்லை. மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதம் ஆயிரம் ரூபாய் போட்டாலும் போதும், தற்போது 8.2 சதவீதம் வட்டி கிடைக்கிறது. கடன் முடிந்ததும் அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம்.

பயிற்சியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அது நல்ல காரியம். ஆனால் 1,600 மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டியது தடமும் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சும்தான். தாண்டிப் பழக வேண்டிய ஒன்பது அடிப் பள்ளத்தைப் பையன்களே மண்வெட்டியால் வெட்டிவிடலாம். புல்-அப் கம்பியை ஊர் வெல்டரிடம் சொல்லி நட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குக் கிடைக்காதது உங்களைப் போன்றவர்களின் அனுபவமும் நேரமும்; அதை நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாதம் 2,000 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்து, மற்ற செலவை ஊரில் உள்ள முன்னாள் படைவீரர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். கொட்டகை காத்திருக்கட்டும்.

இப்போதே விலகுவது சரியல்ல. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 23,000 என்றால், மூன்று ஆண்டுகளில் 8 லட்சத்துக்கு மேல் இழப்பீர்கள், தவணையோ நிற்காது. முழுப் பணிக்காலம் முடித்து வந்த பிறகு தொழிலைப் பெரிதாக்க விரும்பினால், முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைப் பாருங்கள். ஒரு கோடி வரையிலான கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் அதில் உண்டு. மானியம் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் கடன் வாங்காதீர்கள்.

மைத்துனருக்குக் கொடுத்த 3 லட்சத்துக்கு நீங்கள் மாதம் 6,600 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்டோ ஓடுகிறது என்றால், அதில் 4,000 ரூபாயையாவது மாதாமாதம் நேராக உங்கள் கடன் கணக்கில் அவர் செலுத்த வேண்டும். இதை ஊருக்கு வந்த பிறகு, எல்லோரும் கூடியிருக்கும்போது பேச வேண்டாம். அடுத்த லீவுக்கு முன்பே மனைவியிடம் தொலைபேசியில் கணக்கை விவரமாகச் சொல்லி, இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். மைத்துனரிடம் மனைவியே பேசட்டும்.